ஓவியம் படித்துவிட்டு செட் போட வந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

எழும்பூரிலோ கும்பகோணத்திலோ ஓவியம் படித்து முடித்து, சினிமாவின் ஆர்ட் டிபார்ட்மெண்டில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் சிலரோடு பேசும்போதெல்லாம் ஒரு குறை காதில் விழுகிறது. தூரிகையைத் தொட்டே நாளாகிவிட்டது, இப்போது பிளைவுட் கணக்கும் லாரி வாடகையும்தான் வாழ்க்கை என்கிறீர்கள். நீங்கள் சொல்லாத ஒன்றையும் நான் கவனித்திருக்கிறேன். இயக்குநர் காட்சியைச் சொல்லி முடித்த மறு நிமிடமே எல்லோரும் போனை எடுத்து ‘ரெஃபரன்ஸ்’ தேட ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஒரு கோடு போடுவதற்குள் நூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. உங்கள் குறைக்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. அதைச் சொல்வதற்கு ஒரு ஹங்கேரிக்காரரின் கதை வேண்டும்.

அலெக்ஸாந்தர் ட்ரௌனர். புடாபெஸ்டில் 1906-இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே அவர் பெயர் ஷாண்டோர். நுண்கலைப் பள்ளியில் முறையாக ஓவியம் படித்தார். முதல் உலகப் போரில் தோற்று, நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்து கறுவிக்கொண்டிருந்த நாடு அது. அட்மிரல் ஹோர்த்தியின் ஆட்சியில், 1920-லேயே, பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிச் சட்டம் போட்டார்கள். யூத இளைஞர்கள் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் வெளியேறினார்கள். ட்ரௌனர் 1929-இல் பாரிஸுக்குப் போனார். ஓவியனாக வேண்டும் என்றுதான் போனார். சோறு போட்டது சினிமா.

அப்போதுதான் சினிமா பேச ஆரம்பித்திருந்தது. பாரிஸுக்கு வெளியே எப்பினே ஸ்டுடியோவில் லாசர் மீர்சன் என்பவர் இயக்குநர் ரெனே கிளேரின் படங்களுக்கு செட் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் வந்தேறிதான், ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர். ட்ரௌனர் அவருக்கு உதவியாளரானார். பாரிஸின் கூரைகளையும் சந்துகளையும் மீர்சன் கூரைக்குக் கீழே கட்டிக் காட்டியபோது, ஊரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வரவில்லை. ஒரு தெருவை அந்தத் தெருவாக்குவது எது என்று பார்த்து அதை மட்டும் கட்டினார், மற்றதை விட்டுவிட்டார். ஒரு படத்துக்கு எத்தனை கோடு வேண்டும் என்ற கேள்வி அது. ஓவியம் படித்தவனுக்குப் புதிதல்ல. கிளேரின் ‘ஆ நூ ல லிபெர்தே’, இயக்குநர் ஃபெய்தேரின் ‘லா கெர்மெஸ் எரோயிக்’ போன்ற படங்களில் மீர்சனிடம் உதவியாளராகப் பழகிய கை, 1937-இல் தனியாகச் செட் போட ஆரம்பித்தது. அடுத்த வருடம் மீர்சன் இறந்துபோனார்.

அங்கிருந்து மார்செல் கார்னே என்ற இயக்குநரும் ழாக் பிரெவேர் என்ற கவிஞரும் ட்ரௌனரும் சேர்ந்து இயங்கிய பத்தாண்டுகள் தொடங்குகின்றன. பனிமூட்டம், ஈரத்தெரு, தெருவிளக்கு, தப்பிக்க வழியில்லாத காதலர்கள் என்று பிரெஞ்சு சினிமாவைப் பற்றி நம் மனதில் இருக்கும் படிமத்தில் பாதி இந்த மூவர் செய்து வைத்தது.

1938-இல் வந்த ‘ஓட்டல் தூ நார்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் சென் மார்த்தேன் கால்வாய் என்று ஒன்று ஓடுகிறது. அதன் கரையில் அந்தப் பெயரிலேயே ஒரு சிறிய ஓட்டல் இருந்தது. அதை நடத்தியவர்களின் மகன் எழுதிய நாவல்தான் கதைக்கு மூலம். கால்வாய் இருக்கிறது, பாலம் இருக்கிறது, ஓட்டலும் இருக்கிறது. ஸ்டுடியோவிலிருந்து காரில் போய்விடலாம். ஆனாலும் ட்ரௌனர் பில்லாங்கூரில் ஸ்டுடியோவை ஒட்டிய நிலத்தில் பள்ளம் தோண்டி, தண்ணீர் விட்டு, இரும்பு நடைபாலம் போட்டு, ஓட்டலைக் கட்டினார். நடைமுறைக் காரணங்கள் இருந்தன: கனத்த கேமரா, அசைக்க முடியாத ஒலிக்கருவி, இரவுக் காட்சிக்கு வேண்டிய ராட்சச விளக்குகள், பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 கொண்டாட்டத்தில் ஆடும் கூட்டம். அதற்கு மேலும் ஒன்று உண்டு. உண்மையான கால்வாயில் கேமராவை எங்கே வைத்தாலும் கதைக்கு வேண்டாதது எதுவோ உள்ளே வரும். கட்டிய கால்வாயில் பாலமும் மதகுக் கதவும் ஓட்டல் வாசலும் ஒரே சட்டத்துக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஓவியர்கள் மரத்தை நகர்த்தி வரைவார்கள் இல்லையா, அந்த வேலை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த உண்மையான ஓட்டலின் முகப்பைப் பிற்காலத்தில் நினைவுச் சின்னமாகப் பாதுகாத்தார்கள், படத்தின் புகழுக்காக. படம் எடுக்கப்படாத கட்டடம் அது. நகல் பெற்ற புகழில் அசல் பிழைத்தது.

அடுத்த வருடம் வந்த ‘லெ ஜூர் ஸ லேவ்’ படத்தை இதைவிட உயர்வாக நினைக்கிறேன். நடிகர் ழான் காபனுக்குத் தொழிலாளி வேடம். கொலை செய்துவிட்டு மேல்மாடி அறையில் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். இரவு முழுக்கக் கீழே போலீஸும் கூட்டமும். தெருமுனையில் தனியாக நெடுநெடுவென்று நிற்கும் ஒரு கட்டடத்தை ட்ரௌனர் வரைந்தார். உயரம் எதற்கு, கீழ்மாடியில் வைத்தால் செலவு குறையுமே என்று தயாரிப்புப் பக்கத்திலிருந்து பேச்சு வந்தது. அவர் இறங்கவில்லை. இரண்டாம் மாடியில் ஒருவன் பூட்டிக்கொண்டால் கதவை உடைத்துவிடுவார்கள் என்றுதான் பார்ப்பவனுக்குத் தோன்றும். இத்தனை உயரத்தில் தனியாகத் தெரியும் ஒரு ஜன்னலைப் பார்த்தால், இவனை இனி யாராலும் கீழே கொண்டுவர முடியாது என்று வசனமில்லாமலே புரிந்துவிடுகிறது. கீழே நிற்கும் கூட்டத்தைக் காபன் பார்க்கும் கோணமும் அந்த உயரத்திலிருந்துதான் பிறக்கிறது. அறையையும் நான்கு சுவரோடு மூடிக் கட்டினார்கள். வழக்கமாகக் கேமராவுக்காக ஒரு சுவரைக் கழற்றுவோம். இங்கே நடிகனோடு படப்பிடிப்புக் குழுவும் உள்ளே அடைபட்டது. அலமாரி, கட்டில், கண்ணாடி, சிகரெட் துண்டுகள் எல்லாம் ஏழையின் அறைக்குரிய அளவில் இருக்கின்றன. எத்தனை பொருள் வைப்பது என்று முடிவு செய்ததில் இருக்கிறது அந்த அறையின் அழகு.

பிறகு போர். 1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. அதே வருடம் அக்டோபரில், ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரான்சின் விஷி அரசு யூதர்களைப் பொதுவாழ்விலிருந்து விலக்கிச் சட்டம் கொண்டுவந்தது. சினிமாவும் அதில் அடங்கும். ட்ரௌனரும், இசையமைப்பாளர் ஜோசஃப் கோஸ்மாவும் (அவரும் புடாபெஸ்ட் யூதர்தான்) தெற்கே நீஸ் நகரத்துக்கு மேலே மலைப்பக்கம் தூரெத் சூர் லூ என்ற ஊர்ப்பக்கம் ஒளிந்துகொண்டார்கள். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர் பிரெவேர். பிடிபட்டால் மூவருக்கும் ஆபத்து. வேலை மட்டும் நிற்கவில்லை.

1942-இல் ‘லே விசித்தூர் து ஸ்வார்’ வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றில் நடக்கும் கதை. படத்தில் அந்தக் கோட்டை வெள்ளைவெளேரென்று இருக்கிறது. பழைய கோட்டை என்றால் பாசி படிந்து கருத்துத்தானே இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். நீங்கள் ரெஃபரன்ஸ் தேடியிருந்தாலும் அப்படித்தான் கிடைத்திருக்கும், ஏனென்றால் நம் போனில் வரும் கோட்டைகள் எல்லாம் ஐந்நூறு வருடம் மழையில் நனைந்தவை. கதை நடக்கும் காலத்தில் அந்தக் கோட்டை புதியது! பெர்ரி பிரபுவுக்காக வரைந்த பழைய சுவடியின் சிற்றோவியங்களில் கோட்டைகள் பளிச்சென்றுதான் இருக்கின்றன. ட்ரௌனர் புகைப்படத்தை விட்டுவிட்டு ஓவியத்தை நம்பினார். பஞ்சகாலத்தில் எடுத்த படம் என்பதற்கும் ஒரு கதை உண்டு: விருந்துக் காட்சிக்கு வைத்த பழங்களைத் துணை நடிகர்கள் பசியில் தின்றுவிடாமலிருக்க அவற்றில் பினாயில் ஏற்றினார்களாம். கார்னேயின் படக்குழுக் கதைகளில் இது திரும்பத் திரும்ப வரும்.

அதற்கும் அடுத்தது ‘சில்ட்ரன் ஆஃப் பாரடைஸ்’. நம் ஊர்த் திரைப்படச் சங்கங்களில் இந்தப் பெயரால்தான் தெரியும். நீஸில் விக்டோரின் ஸ்டுடியோவில் 1943 ஆகஸ்டில் படப்பிடிப்பு ஆரம்பித்தது. 1830-களின் பாரிஸ், நாடகக் கொட்டகைகள் வரிசையாக நின்ற பூல்வார் தூ தாம்பிள் என்ற தெரு. அந்தக் கொட்டகைகளை 1862-இல் ஊரைத் திருத்திக் கட்டியபோது இடித்துவிட்டார்கள். ஆகவே முழுத் தெருவையும் புதிதாகப் படைக்க வேண்டும். வரைந்தவர் ஸ்டுடியோவுக்குள் கால் வைக்க முடியாது. அவருடைய வரைபடங்கள் மலையிலிருந்து இறங்கிப் போயின. லியோன் பார்சாக் என்ற இன்னொரு கலை இயக்குநர் தன் பெயரில் அவற்றைக் கட்டி எழுப்பினார். நடுவில் போர் நிலைமை மாற, வேலை நின்றது. படக்குழு பாரிஸுக்குப் போய்த் திரும்பி வந்தபோது திறந்தவெளியில் நின்ற செட் சேதமாகியிருந்தது. அதைப் பழுதுபார்த்து மறுபடி எடுத்தார்கள். பாரிஸ் விடுதலையான பிறகு, 1945 மார்ச்சில் படம் வெளியானது. அதன் டைட்டிலில் ட்ரௌனர் பெயரும் கோஸ்மா பெயரும், தலைமறைவாகப் பணியாற்றியவர்கள் என்ற குறிப்போடு வருகின்றன. நான் பார்த்த டைட்டில் அட்டைகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அது. பார்சாக் நினைத்திருந்தால் முழுப் பெயரையும் தானே வைத்துக்கொண்டிருக்கலாம்.

இந்தத் தெருவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பூல்வார் தூ தாம்பிளுக்கு ஒரு ரெஃபரன்ஸ் இருக்கிறது, அதுவும் உலகப் புகழ் பெற்றது. 1838-இல் தாகேர் தன் ஜன்னலிலிருந்து எடுத்த புகைப்படம். புகைப்படக் கலையே பிறந்துகொண்டிருந்த நேரம். பாரிஸின் மிக நெரிசலான தெருக்களில் ஒன்று அதில் காலியாகக் கிடக்கிறது. படம் பதிய நிமிடக் கணக்கில் ஆனதால் நடந்தவர்கள், ஓடிய வண்டிகள், குதிரைகள் எதுவும் விழவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் ஓரத்தில் தெரிகிறார். அதை அச்சடித்து வைத்துக்கொண்டு செட் போட்டிருந்தால் வெறிச்சோடிய சாலைதான் கிடைத்திருக்கும். ட்ரௌனரின் தெருவில் ஜனங்கள் பிதுங்குகிறார்கள். முகப்புகள் வளைந்து தூரத்தில் சிறுத்துப் போகின்றன. கூட்டம் எங்கே தேங்கும், காதலி எங்கே கூட்டத்தில் தொலைவாள் என்பது வரைபடத்திலேயே இருக்கிறது. கடைசிக் காட்சி பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

1946-இல் வந்த ‘லே போர்த் த ல நுய்’ கார்னே, பிரெவேர், ட்ரௌனர் மூவருக்கும் அடி. மேம்பாலத்தில் நிற்கும் பார்பேஸ் மெட்ரோ நிலையத்தை ட்ரௌனர் ஸ்டுடியோவில் அச்சு அசலாகக் கட்டினார். ரொட்டிக்குக்கூட ரேஷன் இருந்த ஊரில், நிஜ நிலையம் அங்கேயே நிற்கும்போது, இன்னொரு மெட்ரோ எதற்கு என்று கேட்டார்கள். படமும் ஓடவில்லை. செட் அபாரமானதுதான். ஆனாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததாகவே நினைக்கிறேன். முந்தைய வருடமே இத்தாலிய இயக்குநர் ரொசெலினி ‘ரோம், ஓபன் சிட்டி’யைப் போரில் சிதைந்த நிஜத் தெருக்களில் எடுத்து வெளியிட்டிருந்தார், பார்ப்பவர்களின் கண் மாறிக்கொண்டிருந்தது. கால்வாயைக் கட்டியபோது ட்ரௌனர் எதை விடுவது என்று தேர்ந்திருந்தார். இங்கே கைத்திறன் முழுக்க ஒத்துப்போவதில் செலவாகிவிட்டது.

ஆர்சன் வெல்ஸோடு ‘ஒதெல்லோ’வில் வேலை பார்த்தபோது நேர் எதிர் நிலை: பணமே இல்லை. ஸ்டுடியோவில் கட்டத் திட்டமிட்ட செட்டுகள் கைவிடப்பட்டு, மொராக்கோ கடற்கரையில் மொகதோர் என்ற ஊரின் பழைய மதில்கள் சைப்ரஸ் ஆயின. உடைகள் வந்து சேரவில்லை என்றதும் ஒரு கொலைக் காட்சியையே குளியல் கூடத்துக்கு மாற்றினார் வெல்ஸ். துண்டு போதும் அல்லவா. மீன் சந்தையாக இருந்த இடத்தை ட்ரௌனர் நீராவி பறக்கும் கூடமாக்கினார். 1952-இல் கான் விழாவின் உயரிய பரிசை அந்தப் படம் பெற்றது.

பிறகு பில்லி வைல்டர். அவரும் 1906-இல் பழைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் பிறந்தவர், ஹிட்லர் வந்ததும் பெர்லினை விட்டு ஓடியவர், பாரிஸ் வழியாக ஹாலிவுட் போனவர். ஓவியம் வாங்குவதில் பைத்தியம்; அவர் சேகரிப்பு 1989-இல் ஏலத்தில் மூன்று கோடி டாலருக்கு மேல் போனது. இப்படிப்பட்டவருக்கு ஓவியரான செட் டிசைனர் அமைந்ததில் வியப்பில்லை.

1960-இல் வந்த ‘தி அபார்ட்மென்ட்’. முப்பத்தோராயிரத்துச் சொச்சம் பேர் வேலை செய்யும் இன்சூரன்ஸ் கம்பெனி என்று கதாநாயகனே ஆரம்பத்தில் சொல்கிறான். அவன் உட்காரும் தளம் கண்ணுக்கு எட்டிய தூரம் மேஜை மேஜையாகப் போக வேண்டும். அத்தனை பெரிய தளம் எந்த ஸ்டுடியோவிலும் இல்லை. ட்ரௌனர் செய்தது இது. முன்வரிசையில் முழு அளவு மேஜை, சாதாரண உயரத்து ஆட்கள். பின்னால் போகப் போக மேஜை சிறிதாகிறது. அங்கே உயரம் குறைந்தவர்களை உட்கார வைத்தார். அதற்கும் பின்னால் பொம்மை அளவு மேஜைகள், வெட்டி நிறுத்திய உருவங்கள். மேலே நீள நீளமாக ஓடும் விளக்கு வரிசைகள் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிக் குவிகின்றன. கல்லூரியில் முதல் வருடம் பர்ஸ்பெக்டிவ் வகுப்பில் நீங்கள் போட்ட அதே கோடுகள்தான். ஒரே நிபந்தனை, கேமரா எங்கே எந்த உயரத்தில் நிற்கும் என்பது ஆணி அடிக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பின்வரிசைக்கு ஒரு நெட்டை மனிதர் நடந்து போனால் மாயம் கலைந்துவிடும். ஆக, இயக்குநர், ஒளிப்பதிவாளர், செட் டிசைனர் மூவரும் ஒரு தாளைச் சுற்றி நின்றாக வேண்டும். அந்தத் தாள் ட்ரௌனர் வரைந்தது. இதற்குத்தான் ஆஸ்கர் கிடைத்தது. எட்வர்ட் பாயிலோடு பகிர்ந்துகொண்டார். கூட்டத்தில் கரைந்துபோன ஒரு குமாஸ்தாவின் நிலையை அந்த மேஜை வரிசை சொல்கிறது. அவன் வீடு போய்ச் சேரும் சின்ன ஃபிளாட்டில் கோட்டு மாட்டவே இடம் போதாது. இரண்டையும் ஒரே கை வரைந்திருக்கிறது.

அடுத்த வருடம் ‘ஒன், டூ, த்ரீ’ படத்துக்காக பெர்லினில் இருந்தார்கள். 1961 ஆகஸ்ட் 13 விடிந்தபோது நகரத்தின் குறுக்கே முள்கம்பி. காட்சிகள் பாக்கி இருக்க, பிராண்டன்பர்க் வாயிலில் படம் எடுக்க வழியில்லாமல் போனது. முனிச் அருகே பவேரியா ஸ்டுடியோவில் ட்ரௌனர் அந்த வாயிலையே கட்டிக்கொடுத்தார். சரித்திரம் லொகேஷனைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதை இந்த மனிதர் பல முறை பார்த்தவர்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். ‘இர்மா லா தூஸ்’ படத்துக்கு ஹாலிவுட்டில் ஒரு பாரிஸ் தெரு, ஷெர்லாக் ஹோம்ஸ் படத்துக்கு இங்கிலாந்தில் ஒரு பேக்கர் தெரு. ஜான் ஹூஸ்டனின் ‘தி மேன் ஹூ வுட் பி கிங்’ கிப்ளிங்கின் இந்தியாவையும் காஃபிரிஸ்தானையும் மொராக்கோவில் வைத்து எடுத்த படம். அதற்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது.

1976-இல் ஜோசஃப் லோசியின் ‘மிஸ்யூ க்ளைன்’ படத்தில் மட்டும் நிற்க வேண்டும். 1942 பாரிஸ். ஓடிப்போக அவசரப்படும் யூதர்களிடம் ஓவியங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கும் வியாபாரியாக அலென் தெலோன். அந்த 1942-இல் ட்ரௌனர் மலையில் ஒளிந்திருந்தார். அந்த வருடத்துப் பாரிஸ் அவர் பார்க்காத பாரிஸ். வியாபாரியின் வீட்டைப் பாருங்கள்: செல்வம் இருக்கிறது, ஓவியங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்திருக்கும் என்ற எண்ணம் பார்ப்பவனை விடுவதில்லை. பழிவாங்கும் கோபத்தைச் சுவரில் காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை. பிரான்சின் சேஸார் விருது அதற்குக் கிடைத்தது. பிறகும் இரண்டு முறை, ‘தோன் ஜொவானி’க்கும் லுக் பெஸோனின் ‘சப்வே’க்கும். எண்பதை நெருங்கும் வயதில், இருபதுகளில் இருந்த இயக்குநரோடு மெட்ரோ சுரங்கத்துக்குள் வேலை. 1986-இல் பெர்த்ரான் தவெர்னியேயின் ‘ரவுண்ட் மிட்நைட்’ படத்துக்காக ஜாஸ் இசைக் கிளப்பான ப்ளூ நோட்டை எப்பினே ஸ்டுடியோவில் கட்டினார். 1993 டிசம்பரில், நார்மண்டி கடற்கரைப் பக்கம் ஓமோன்வில் லா பெத்தீத் என்ற கிராமத்தில் இறந்தார். பிரெவேரும் அங்கேதான் வாழ்ந்து முடித்திருந்தார். இருவரையும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நண்பர்களே, இப்போது உங்கள் முறையீட்டுக்கு வருகிறேன். ட்ரௌனர் ஓவியத்தை விட்டுவிட்டு செட் போட வந்தவராக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு செட்டையும் முதலில் குவாஷ் வண்ணத்தில் சிறிய ஓவியமாகத் தீட்டினார். அவற்றில் பல பாரிஸ் சினிமாதெக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒளி எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே இருட்டு தேங்கும், எது தெரியவே கூடாது என்பதெல்லாம் அந்தச் சிறிய தாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தச்சரும் மோல்டரும் பெயின்டரும் வருவது பிறகு. போனில் படம் சேர்க்கும்போது இந்தத் தீர்மானங்களை வேறு யாரோ, வேறு ஏதோ கதைக்காக, ஏற்கெனவே எடுத்துவிட்டிருக்கிறார்கள். நீங்கள் வாங்கி ஒட்டுகிறீர்கள். அப்புறம் தூரிகையைத் தொடவில்லை என்று வருத்தம் வேறு.

கிரீன் மேட் கட்டினால் மீதியை கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்வீர்கள். சேர்க்கட்டும். ஆனால் காபனின் ஜன்னல் எந்த மாடியில் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன் உட்காருபவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும். நேரமில்லை என்பதுதான் உங்கள் வலுவான வாதம். கதை கேட்ட பத்தாம் நாள் ஃப்ளோரில் செட் நிற்க வேண்டும் என்கிறார்கள், எனக்குத் தெரியும். ஒரு தாளில் பென்சிலால் அறையைப் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு ரெஃபரன்ஸ் தேடுங்கள். என்ன தேடுகிறோம் என்று தெரிந்து தேடுவீர்கள்.

இந்தப் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டால், ‘லெ ஜூர் ஸ லேவ்’ முதலில். அடுத்த நாளே ‘தி அபார்ட்மென்ட்’. அலுவலகக் காட்சியில் நிறுத்தி, பின்வரிசை மேஜைகளை எண்ணிப் பாருங்கள். ‘சில்ட்ரன் ஆஃப் பாரடைஸ்’ மூன்று மணி நேரத்துக்கு மேல், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ட்ரௌனர் செட் போட்ட இன்னொரு படமான ஹோவர்ட் ஹாக்ஸின் ‘லேண்ட் ஆஃப் தி ஃபேரோஸ்’ஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். கதை தாங்காது, ஆனால் மணல் வழிந்து இறங்க இறங்கக் கற்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து கல்லறை மூடிக்கொள்ளும் அந்த ஒரு காட்சிக்காக நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் செட்டுகளைக் கதையைவிடக் கவனமாகப் பார்க்கும் ஒரு ரசிகன்